ஒரே சர்வர், ஆயிரம் குடித்தனம்: உங்கள் ஃபைலை அடுத்தவர் திறக்காமல் தடுப்பது எது?

ஆவடிக்குப் பக்கத்தில் வெள்ளானூரில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடித்த மகள் இன்ஜினீயரிங் சேரப் போகிறாள். முதல் பட்டதாரிச் சான்று வேண்டும். முன்பு மாதிரி தாலுகா ஆபீசுக்கும் வீட்டுக்குமாக அலைய வேண்டியதில்லை. இ-சேவை மையத்திலோ சொந்த போனிலோ விண்ணப்பித்துவிடலாம். போட்டோ, ஆதார், குடும்ப அட்டை, அப்பா அம்மாவின் பள்ளிச் சான்றிதழ், உறுதிமொழிப் படிவம் என்று ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அப்லோடு செய்கிறீர்கள். ஒரே விண்ணப்பத்தில் மொத்தக் குடும்பத்தின் ஜாதகமும் போய்விடுகிறது. விண்ணப்ப எண் கைக்கு வந்ததும் 'அப்பாடா' என்று போனைக் கீழே வைத்துவிடுகிறோம்.

சரி, அந்த ஃபைல்கள் எங்கே போயின? அதே நிமிடத்தில் வள்ளியூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் விண்ணப்பித்தவர்களின் ஃபைல்களோடு சேர்ந்து ஏதோ ஒரு சர்வரின் டிஸ்கில் உட்கார்ந்திருக்கின்றன. ஆளுக்கொரு கணினி என்று எந்த அரசாலும் எந்த நிறுவனத்தாலும் வைக்க முடியாது. துறைக்குத் துறை தனி சர்வர் அறை கட்டுவதே வீண் செலவு என்பதால்தான் மாநிலத் தரவு மையம் என்ற பொது ஏற்பாடு வந்தது. நம் மாநிலத்தில் எல்காட் நிறுவனம் பெருங்குடியில் அதை நடத்துகிறது. வங்கி ஆப், மெயில், கல்லூரி விண்ணப்பம் என்று நீங்கள் தினமும் தொடும் எல்லாமே இப்படிப் பகிர்ந்த இடத்தில்தான் ஓடுகின்றன.

பழைய சென்னையில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு பெரிய வீடு. ஒரே வாசல், ஒரே குழாய், ஒரே கொல்லை. உள்ளே ஆறேழு குடும்பங்கள். வாடகை குறைவு, ஆனால் நிம்மதியாக இருக்க வேண்டுமானால் அறைக்கு அறை சுவர் வேண்டும், கதவுக்குப் பூட்டு வேண்டும், சாவி சரியான ஆளிடம் இருக்க வேண்டும். சர்வரிலும் இந்த மூன்றும்தான் விஷயம். மூன்றுமே ஒவ்வொரு காலத்தில் தவறிப்போயிருக்கின்றன. அந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டால், உங்கள் ஃபைலை எது காக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

ஒரே பெயரில் இரண்டு காகிதம்

ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்பதை முதலில் செய்து காட்டிய அமைப்புகளில் ஒன்று சி.டி.எஸ்.எஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு 1961 நவம்பரில் அதை இயக்கிக் காட்டியது. ஆளுக்கு ஒரு ஃபைல் தொகுப்பு, அதைத் திறக்க ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. இன்று நாம் சலித்துக்கொண்டே டைப் செய்கிற பாஸ்வேர்டு, கணினிக்குள் நுழைந்த கதை இதுதான்.

1966-ல் ஒருநாள், அந்தக் கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாகத் திரையில் வந்துவிட்டது! யாரும் ஹேக் செய்யவில்லை. நிர்வாகிகளில் ஒருவர் பாஸ்வேர்டு ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார். திருத்தும் மென்பொருள் இடையில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கும். அதற்கு எப்போதும் ஒரே பெயர். ஒரு ஃபோல்டரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நினைத்து அப்படி எழுதியிருந்தார்கள். பின்னாளில் நிர்வாகிகள் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துகொண்டபோது யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. இருவரின் தற்காலிக ஃபைலும் ஒன்றோடொன்று மாறிப்போய், பாஸ்வேர்டு பட்டியல் அறிவிப்புப் பலகைக்குப் போய்விட்டது.

60 வருஷத்துக்கு முந்தைய கதை நமக்கு எதற்கு என்று தோணலாம். 'ஆதார்.பிடிஎஃப்' என்ற பெயரில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஃபைல் அனுப்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல சர்வர், வந்த பெயரை அப்படியே வைத்துக்கொள்ளாது. ஒவ்வொன்றுக்கும் வேறு யாருக்கும் வராத ஒரு பெயரைத் தானே சூட்டும். அதைச் செய்யாவிட்டால், உங்கள் விண்ணப்பத்தில் இன்னொருவரின் ஆதார் ஒட்டிக்கொள்ளும்.

இதன் தம்பி மாதிரி ஒரு சம்பவம் 2023 மார்ச் 20-ல் சாட்ஜிபிடியில் நடந்தது. சிலருக்கு முன்பின் தெரியாத வேறொருவரின் உரையாடல் தலைப்புகள் திரையில் தெரிந்தன. பலருக்கும் பொதுவான ஓர் இணைப்பு வழியாகப் பதில்களை எடுத்துவரும் மென்பொருளில் பிழை. ஒருவருக்கான பதில் இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்தது. சேவையையே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். சுவர் இடியவில்லை, தபால்காரர் வீடு மாற்றிக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். கடிதத்துக்குச் சொந்தக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பூட்டுக்கு மூன்று இலக்கம்

இன்றைக்கு உலகின் பெரும்பாலான சர்வர்களில் இருக்கும் பூட்டு, 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய யூனிக்ஸ் வழியில் வந்தது. அதன் வாரிசுதான் லினக்ஸ். இந்த முறை ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மதிப்பெண். சொந்தக்காரருக்கு ஓர் இலக்கம், அவரது குழுவுக்கு ஓர் இலக்கம், மற்ற எல்லோருக்கும் ஓர் இலக்கம். ஆக மூன்று இலக்கம்.

600 என்றால் சொந்தக்காரர் படிக்கலாம், எழுதலாம் (4+2=6); வேறு யாருக்கும் ஒன்றும் கிடையாது. 644 என்றால் அவர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம். 777 என்றால்? எல்லோருக்கும் எல்லாம். வாசல் கதவைக் கழற்றிவைத்த வீடு. வெப்சைட் செய்யும்போது ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் '777 போட்டுப் பாரு' என்று ஓசி ஆலோசனை சொல்ல எப்போதும் யாராவது இருப்பார்கள். போட்டால் வேலை செய்யும். ஏன் செய்யாது? கதவே இல்லையே.

இந்தப் பூட்டைப் பார்க்க சர்வர் அறைக்குப் போக வேண்டாம், உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ். போனை நீங்கள் ஒருவர்தான் பயன்படுத்துகிறீர்கள். ஆனால் போன், ஒவ்வொரு ஆப்பையும் ஒரு தனி யூசராகக் கணக்கு வைக்கிறது. அதனால்தான் நேற்று இறக்கிய கேம் ஆப் உங்கள் வங்கி ஆப்பின் ஃபைலைப் படிக்க முடிவதில்லை. ஆனால் போட்டோ, டவுன்லோடு ஃபோல்டர்கள் இருக்கிற பொது இடம் ரொம்ப நாள் கொல்லைப்புறம் மாதிரித்தான் கிடந்தது. ஒரு ஆப்புக்கு 'ஸ்டோரேஜ்' அனுமதி கொடுத்தால் அங்கே இருக்கிற எல்லாவற்றையும் பார்த்துவிடும். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 இதை மாற்றத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு 11 கட்டாயமாக்கியது. உங்கள் போன் அதைவிடப் பழையது என்றால், டார்ச் லைட் ஆப் ஸ்டோரேஜ் அனுமதி கேட்கும்போது 'வேண்டாம்' சொல்லுங்கள். வெளிச்சம் அடிக்க உங்கள் ஆதார் எதற்கு?

காவல்காரரிடம் எல்லாச் சாவியும்

வெள்ளானூர் மாதிரி வளர்ந்துவரும் புறநகரில் டியூஷன் சென்டர், பெண்கள் விடுதி, கேட்டரிங் என்று சின்னத் தொழில் நடத்துபவர்கள் பலர் சொந்தமாக வெப்சைட் வைக்கிறார்கள். குறைந்த கட்டணத்தில் கிடைப்பது 'ஷேர்டு ஹோஸ்டிங்'. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். யார் பக்கத்து அறை என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் டியூஷன் சென்டருக்குப் பக்கத்திலேயே ஒரு மோசடித் தளம்கூட வாடகைக்கு இருக்கலாம்.

இங்கே பூட்டு இருந்தும் ஒரு சிக்கல். தளத்தைப் பார்க்க வருபவர்களுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது வெப் சர்வர் என்கிற மென்பொருள். அதை வீட்டின் காவல்காரர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தளத்துக்கும் அவர் ஒருவரே. எனவே எல்லா அறைக்குள்ளும் நுழைய அவருக்கு அனுமதி வேண்டும். பழைய ஏற்பாட்டில், தளங்களில் இருக்கும் புரோகிராம்களையும் அவரே தன் பெயரில் இயக்குவார். அப்படியானால், பக்கத்துக் குடித்தனக்காரர் அவரைக் கூப்பிட்டு, 'மூணாம் நம்பர் அறையில ஒரு நோட்டு இருக்கும், கொஞ்சம் எடுத்துட்டு வாங்கண்ணே' என்றால் போதும். காவல்காரர் சாவியைப் போட்டுத் திறந்து எடுத்துவந்து கொடுத்துவிடுவார். பூட்டு உடையவில்லை, சுவர் ஏறிக் குதிக்கவில்லை. அந்த நோட்டில் உங்கள் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு எழுதியிருந்தால், மாணவர் பட்டியல் முழுக்கப் போச்சு.

இதற்கு மாற்று, 1997-ல் அப்பாச்சி வெப் சர்வரின் 1.2 பதிப்போடு வந்தது. ஒரு தளத்தின் புரோகிராமைக் காவல்காரர் பெயரில் இயக்காமல், அந்தத் தளத்தின் சொந்தக்காரர் பெயரிலேயே இயக்குவது. அப்போது பக்கத்துக்காரர் என்ன கேட்டாலும் அவருடைய சாவிக்குத் திறக்கிற அறைதான் திறக்கும். இதற்கு மேலே போய், ஒவ்வொரு குடித்தனத்தையும் ஒரு கூண்டுக்குள் வைத்து, பக்கத்தில் வேறு அறைகள் இருப்பதே தெரியாதபடி செய்வதும் உண்டு. யூனிக்ஸில் 1979-லேயே இதன் முதல் வடிவம் வந்துவிட்டது. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி இதற்கு 'சிறை' என்றே பெயர் வைத்தது. 2013-ல் வந்த டாக்கர், இதே யோசனையைப் பெட்டிபெட்டியாக எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது.

வெப்சைட் செய்து தருகிற தம்பியிடம் நீங்கள் இதையெல்லாம் ஒப்பிக்க வேண்டாம். 'நம்ம தளத்தோட புரோகிராம் நம்ம யூசர் பெயரிலதான் ஓடுதா? எந்த ஃபோல்டருக்காவது 777 இருக்கா? பசங்க அனுப்புற ஃபைல், வெப்சைட் ஃபோல்டருக்கு வெளியே இருக்கா, உள்ளேயே இருக்கா?' என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. வெப்சைட் ஃபோல்டருக்கு உள்ளே இருப்பவை, லிங்க் தெரிந்த யாருக்கும் திறக்கும். கூகுள் தேடலில்கூட வந்து நிற்கும். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: எட்டாம் வகுப்பு டியூஷனுக்கு ஆதார் நகல் கேட்காமல் இருப்பது. வாங்கி வைக்காத ஃபைல் எப்படித் திருடு போகும்?

கதவு எண்ணை மாற்றிப் பார்த்தால்

அரசுத் தளம், வங்கி, காப்பீடு போன்ற பெரிய சேவைகளில் பூட்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. மேலே சொன்ன மூன்று இலக்கப் பூட்டில் கோடிக்கணக்கான குடிமக்களை ஆளுக்கொரு யூசராக அங்கே பதிவதில்லை. சர்வரின் கண்ணில் அந்தச் சேவையின் மென்பொருள்தான் ஒரே யூசர். எல்லாருடைய ஃபைலும் அதற்குச் சொந்தம். ஆகவே ஒவ்வொரு தடவை யாராவது ஒரு ஃபைலைக் கேட்கும்போதும் 'நீ யார், இது உன்னுடையதா?' என்று அந்த மென்பொருளே கேட்டாக வேண்டும். குடிமக்களிடம் மட்டுமா? வெள்ளானூர் கிராம நிர்வாக அலுவலருக்கு வெள்ளானூர் விண்ணப்பங்கள் தெரிய வேண்டும். மதுரைக்காரரின் விண்ணப்பம் அவருக்கு எதற்கு?

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம், அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனம். வீடு வாங்குபவர்களின் ஆவணங்களை அது லிங்க்காக அனுப்பிவந்தது. லிங்க்கின் கடைசியில் ஓர் எண். ரியல் எஸ்டேட் தொழிலில் இருந்த ஒருவர் அந்த எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் பார்த்தார். வேறு யாரோ ஒருவரின் ஆவணம் திறந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை. 2019 மே மாதம் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் இதை வெளியிட்டபோது, அப்படித் திறந்து கிடந்தவை சுமார் 88.5 கோடி ஃபைல்கள் என்று தெரிந்தது. 2003-லிருந்து சேர்ந்தவை, வங்கிக் கணக்கு எண், வீட்டுக் கடன் விவரம், ஓட்டுநர் உரிமப் படம் எல்லாம் அதில் இருந்தன. 2023-ல் நியூயார்க் மாநில நிதிச் சேவைகள் துறை 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

வரிசை எண்ணுக்குப் பதில் யாராலும் ஊகிக்க முடியாத நீள லிங்க் கொடுத்தால் சரியாகிவிடுமா? பாதி சரியாகும். ஆனால் லிங்க் என்பது முகவரிதான். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆகும், பிரவுசர் ஹிஸ்டரியில் தங்கும், மையத்து ஊழியரின் போனில் இருக்கும். கூகுள் டிரைவில் 'லிங்க் உள்ள எவரும்' என்று வைத்து நாம் அனுப்பும் சான்றிதழ் ஃபோல்டரும் இதே ரகம். வேலை முடிந்ததும் அந்தப் பகிர்வை நிறுத்திவிடுகிறோமா? கல்லூரிச் சேர்க்கை முடிந்து நாலு வருஷம் ஆனாலும் அந்த லிங்க் உயிரோடுதான் இருக்கும்.

நம் நாட்டு அனுபவமும் உண்டு. 2015 ஜூலை 1-ல் தொடங்கிய டிஜிலாக்கரில், 2020-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு குறையைக் கண்டார்கள். ஓடிபி சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்த ஓடிபி யாருடையது, யாருடைய கணக்கைத் திறக்கக் கேட்கிறார்கள் என்பதை ஒரு கட்டத்தில் மென்பொருள் பொருத்திப் பார்க்கவில்லை. யூசர் பெயர் தெரிந்தால் அடுத்தவர் கணக்குக்குள் போக வழி இருந்தது. புதிய வசதிகளைச் சேர்த்தபோது புகுந்த பிழை இது என்றும், செர்ட்-இன் அமைப்பின் எச்சரிக்கை வந்த ஒரு நாளுக்குள் சரிசெய்ததாகவும் டிஜிலாக்கர் தரப்பு விளக்கியது. நல்லபடியாகச் செயல்பட்டுவந்த பூட்டு ஒரு புதிய வசதியால் கழன்றது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அரசுத் தளங்கள் வெளிவரும் முன் செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளரிடம் பாதுகாப்புத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. பெரிய மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் அது திரும்ப நடக்க வேண்டும் என்பதை இந்தச் சம்பவமே சொல்லிவிடுகிறது.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 'என் நிலத்தோட பட்டாவ சர்வே எண் போட்டா யார் வேணாலும் பார்க்கிறாங்களே, இது லீக் இல்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை பலரும் பார்த்துச் சரிபார்க்க வேண்டிய பதிவுகள். நிலம் வாங்குபவர் ஏமாறாமல் இருக்கவே அவை திறந்திருக்கின்றன. அந்தப் பட்டாவுக்காக நீங்கள் கொடுத்த ஆதார் நகல் திறந்திருந்தால்தான் அது லீக்.

மையத்துக் கணினியில் மிச்சமிருப்பது

சர்வரில் எவ்வளவு சுவர் கட்டினாலும், ஃபைல் கிளம்பும் இடத்தில் சுவர் இல்லையென்றால் பயனில்லை. பிரவுசிங் சென்டர் கணினி என்பதும் பகிர்ந்த இயந்திரம்தான். அங்கே வருகிற எல்லோரும் பெரும்பாலும் ஒரே யூசராகத்தான் உட்காருகிறார்கள். ஆகவே டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்தால் காலையிலிருந்து வந்தவர்களின் ஆதார், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாம் கிடக்கும். இ-ஆதார் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்த பாஸ்வேர்டு என்பது ஊருக்கே தெரியும். பக்கத்திலேயே உங்கள் மார்க் ஷீட் கிடந்தால் இரண்டும் அதில் அச்சிட்டிருக்கும்.

எனவே வேலை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். ஸ்கேன் செய்த ஃபைல், டவுன்லோடு செய்த ஃபைல் இரண்டையும் அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்து ஃபைல் அனுப்பியிருந்தால், உங்கள் போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் அந்தக் கணினியை நீக்குங்கள். மையத்து அக்காவோ அண்ணனோ கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் பல இடங்களில் இது பழக்கமாகவில்லை. மையம் நடத்துபவராக நீங்கள் இருந்தால், விண்டோஸில் வாடிக்கையாளருக்கென்று தனி யூசர் உருவாக்கி, நாள் முடிவில் அதன் ஃபோல்டர்களைக் காலி செய்வது 5 நிமிட வேலை.

எப்போதாவது உங்கள் விண்ணப்பத்தைத் திறக்கப் போய் அடுத்தவர் ஃபைல் திறந்துவிட்டால், அங்கேயே நிறுத்துங்கள். 'இன்னும் எத்தனை திறக்குது பாப்போம்' என்று எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளில் வரும். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். அரசுச் சேவை என்றால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் சொல்லலாம். செர்ட்-இன் அமைப்புக்கும் எழுதலாம். உங்கள் ஃபைல் வெளியே போய் அதனால் பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்திலும் சைபர் குற்றப் பிரிவு இருக்கிறது. தனியார் நிறுவனம் என்றால், 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். தகுந்த பாதுகாப்பு வைக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

புகாரில், திறந்த ஃபைலின் ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே இணைக்க வேண்டாம். ஆதாரத்துக்கு வேண்டுமென்றால் பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது. எந்தத் தளம், எந்த லிங்க், உங்கள் விண்ணப்ப எண், தேதி, மணி இவை போதும். சர்வரில் யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று ஒரு குறிப்பேடு ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் நேரத்தை வைத்து அந்த வரியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.